குளிர்ந்த தண்ணீரில் குளோரினுக்கு அவசரம் கிடையாது

கேள்வி: ஐயா, மலைப்பகுதியில் 60 பேர் தங்கும் ஒரு விடுதியின் பராமரிப்பு என் பொறுப்பு. ஓடைத் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக 10,000 லிட்டர் தொட்டியில் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து குழாய்களுக்கு விடுகிறோம். வருடம் முழுக்க குழாயில் 1 பிபிஎம் குளோரின் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வெயில் காலத்தில் ஒரு புகாரும் இல்லை. குளிர் தொடங்கி இரண்டு மூன்று வாரம் போனால் ஒவ்வொருவராக வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம் என்று படுத்துவிடுகிறார்கள். மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருப்பதாக வருகிறது. தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் 'பிஎச் 7, கோலிஃபார்ம் இல்லை' என்கிறார்கள். குளிரில் கிருமி தானாகச் செத்துவிடும், மருந்தைக் குறைக்கலாம் என்கிறார் ஒருவர். இரண்டு மடங்கு போடு என்கிறார் இன்னொருவர். தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு குளோரின் போட்டால் என்ன? போடும் மருந்தில் மாற்றமே இல்லை, தண்ணீரின் குளிர் மட்டும்தான் மாறுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: வணக்கம். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டீர்கள். மருந்து மாறவில்லை, குளிர் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதேதான் கோளாறு. தண்ணீர் குளிரும்போது குளோரினின் வேகம் குறைந்துபோகிறது. நீங்கள் அதற்குக் கொடுக்கும் நேரம் மட்டும் கோடையில் கொடுத்த அதே நேரமாக இருக்கிறது.

முதலில் அந்த 1 பிபிஎம் பற்றிப் பேசிவிடலாம். ஒருவருடைய மாதச் சம்பளத்தைச் சொல்லிவிட்டு எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்று சொல்லாவிட்டால், அவர் மொத்தம் எவ்வளவு சம்பாதித்தார் என்று நமக்குத் தெரியாது. 1 பிபிஎம் என்பதும் அப்படித்தான். ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் குளோரின் என்ற எண்ணை, அது தண்ணீரோடு சேர்ந்திருந்த நிமிடங்களால் பெருக்கினால்தான் ஏதாவது பொருள் கிடைக்கும். எங்கள் தொழிலில் அந்தப் பெருக்குத்தொகையை 'சிடி' என்போம். 1 மில்லிகிராம் குளோரின் 30 நிமிடம் இருந்தால் சிடி 30. அரை மில்லிகிராம் 60 நிமிடம் இருந்தாலும் அதே 30.

ஒரு கிருமியைக் கொல்ல எவ்வளவு சிடி வேண்டும் என்பதற்கு அட்டவணைகள் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் மேற்பரப்பு நீர் சுத்திகரிப்பு விதியைக் கொண்டுவந்தபோது ஜியார்டியாவுக்கு வெளியிட்ட அட்டவணையை இன்றும் உலகம் முழுக்கப் புரட்டுகிறோம். அதில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனிப் பக்கம். பிஎச் 7, குளோரின் 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு, ஆயிரம் ஜியார்டியாவில் 999 சாக வேண்டுமென்றால் 25 டிகிரி செல்சியஸில் சிடி 37 போதும். 20 டிகிரியில் 56 வேண்டும். 10 டிகிரியில் 112, 5 டிகிரியில் 149, உறையும் நிலையை ஒட்டிய அரை டிகிரியில் 210. தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்தால் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று மனதில் வைத்துக்கொண்டால் அட்டவணை கையில் இல்லாத நாளிலும் சமாளிக்கலாம்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். 10,000 லிட்டர். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது நிமிடத்துக்கு 100 லிட்டர் போகிறது என்று வைப்போம். 10,000-ஐ 100-ஆல் வகுத்து, தண்ணீர் தொட்டியில் 100 நிமிடம் தங்குகிறது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அப்படித் தங்காது. உள்ளே வருகிற தண்ணீர் வரிசையில் நின்று முறை வந்ததும் வெளியேறுவதில்லை. ஒரு பகுதி குறுக்கே ஓடி நேராக வெளிக்குழாய்க்குப் போய்விடும். உள்ளே தடுப்பு இல்லாத தொட்டியில், கணக்கில் வரும் நேரத்தில் பத்தில் மூன்று பங்குதான் நம்பக்கூடியது. உள்குழாயும் வெளிக்குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பத்தில் ஒரு பங்கு. உங்களுக்குத் தாராளமாக 30 நிமிடம் கொடுக்கிறேன். ஆக சிடி 30.

கோடையில் உங்கள் ஓடைத் தண்ணீர் 20 டிகிரி என்றால், இந்த 30-ஐ வைத்து ஆயிரம் ஜியார்டியாவில் சுமார் 25 தப்பிக்கும். அதே தொட்டி, அதே 1 பிபிஎம், குளிர்காலத்தில் 5 டிகிரி என்றால் தப்பிப்பவை சுமார் 250. பத்து மடங்கு. ஆக, கோடையிலும் நீங்கள் முழுப் பாதுகாப்போடு இருக்கவில்லை. ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 10 சிஸ்டுகள், அதாவது உறை போட்டுக்கொண்ட ஜியார்டியாக்கள், உள்ளே போனாலே ஒருவருக்குத் தொற்றிவிடும் என்பதால் இந்த 25-க்கும் 250-க்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் விடுதியில் படுத்திருப்பவர்களின் எண்ணிக்கையாகத் தெரிகிறது.

'இரண்டு மடங்கு போடு' என்ற யோசனையையும் இதே கணக்கில் வைத்துப் பார்த்தேன். 2 மில்லிகிராம், 30 நிமிடம், சிடி 60. 5 டிகிரியில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 80 தப்பிக்கும். கோடையில் இருந்த 25-க்குக்கூட இது திரும்பவில்லை. அதே 30 நிமிடத்தில் முழு வேலையும் முடிய வேண்டுமென்றால் 6 மில்லிகிராம் பக்கம் போக வேண்டியிருக்கும். குடிநீரில் குளோரினுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவே 5 மில்லிகிராம். அந்த வாடைக்கு யாரும் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள், நேராக ஓடைக்குப் போய்க் குடிப்பார்கள். அதற்கு மருந்தே போடாமல் இருக்கலாம்.

குளிர் ஏன் இப்படிச் செய்கிறது? குடலை விட்டு வெளியே வரும் ஜியார்டியா தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான உறை போட்டுக்கொள்கிறது. 8 முதல் 12 மைக்ரான் நீளமுள்ள முட்டை வடிவப் பொதி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைத்தான் சிஸ்ட் என்கிறோம். குளோரின் அந்த உறையை அரித்து, ஊடுருவி, உள்ளே இருப்பதைத் தாக்க வேண்டும். அரிப்பதும் வேதிவினைதான், தாக்குவதும் வேதிவினைதான். வெப்பம் குறைந்தால் இரண்டும் மந்தமாகும். பாக்டீரியாவுக்கு இந்த மாதிரி உறை இல்லாததால் குளோரின் பட்ட மாத்திரத்தில் சாகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குளோரின் தண்ணீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும் பகுதிதான் கொல்லும் வீரியம் உள்ளது. குளிர்ந்த தண்ணீரில் அந்தப் பகுதியின் விகிதம் கொஞ்சம் கூடவே இருக்கும். இந்தச் சின்ன லாபத்தால் பயனில்லை, வினை மந்தமாவதில் அது கரைந்துபோகும்.

குளிரில் கிருமி செத்துவிடும் என்று சொன்ன நண்பரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு மருந்தைக் குறைத்துவிடாதீர்கள். நடப்பது நேர் எதிர். ஜியார்டியா சிஸ்ட் 37 டிகிரித் தண்ணீரில் நான்கு நாள் தாண்டுவதில்லை. 21 டிகிரியில் ஐந்து நாளிலிருந்து மூன்றரை வாரம் வரை. 8 டிகிரியில் வைத்துப் பார்த்தபோது 77 நாள்வரை உயிரோடு இருந்திருக்கிறது. அதாவது குளிர்காலத்தில் ஓடையில் விழுந்த சிஸ்ட், மேலே எங்கோ ஒரு விலங்கு போட்டதாக இருந்தாலும், உங்கள் தொட்டிக்கு வந்துசேரும்வரை கெடாமல் வருகிறது. வந்து சேர்ந்தபின் குளோரினும் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. உறைய வைத்தால் பெரும்பாலானவை சாகும் என்பது உண்மை. ஆனால் சில மிஞ்சும். ஐஸ் கட்டியை நம்பிப் பானம் குடிக்காதீர்கள்.

குளிர் இன்னொரு பக்கமும் இடைஞ்சல் செய்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. 20 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை ஒன்றரை மடங்கு. மண்ணும் தூசும் அடியில் படிய அதிக நேரம் பிடிக்கும். படிகாரம் போட்டால் திரள்வதும் சோம்பலாகத்தான் நடக்கும். உங்கள் மணல் வடிகட்டி மெதுவாக ஓடும் வகை என்றால், மேல் மணலில் படியும் உயிர்ப்படலம்தான் அங்கே பாதி வேலையைச் செய்வது. குளிரில் அதுவும் சுருண்டுகொள்கிறது. கலங்கல் கொஞ்சம் தப்பி வந்தால், ஒவ்வொரு மண் துகளும் ஒரு சிஸ்டுக்கு ஒளிந்துகொள்ள இடம். குளிர்காலத்தில் வடிகட்டியின் வால்வைக் கொஞ்சம் இறுக்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். காசு செலவில்லாத திருத்தம் இது.

ஆய்வக அறிக்கை பொய் சொல்லவில்லை. கோலிஃபார்ம் பாக்டீரியா வகை. அதைக் கொல்ல சிடி 1-கூட வேண்டியதில்லை, 5 டிகிரியிலும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆகவே கோலிஃபார்ம் இல்லை என்றால், குளோரின் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. சிஸ்ட் செத்ததா என்று அந்தப் பரிசோதனைக்குக் கேட்கவே தெரியாது. நோய் தெரிவதற்கும் ஒரு வாரம் இரண்டு வாரம் எடுக்கும் என்பதால், குளிர் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் என்று நீங்கள் எழுதியது கச்சிதமாகப் பொருந்துகிறது. படுத்தவர்களை மருத்துவரிடம் அனுப்பியிருப்பீர்கள். குளோரினால் சரியாகும் வியாதி அல்ல அது.

கணக்கில் நான் தாராளமாகக் கொடுத்த அந்த 30 நிமிடம் உங்கள் தொட்டியில் உண்மையில் எவ்வளவு? இதை நீங்களே பார்த்துவிடலாம். 1 கிலோ உப்பை இரண்டு பெரிய வாளித் தண்ணீரில் நன்றாகக் கரையுங்கள், குழம்பாக ஊற்றினால் நேராக அடிக்குப் போய்விடும். காலை நெரிசல் நேரத்தில், குழாய்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொட்டிக்குள் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை வெளிக்குழாய்த் தண்ணீரில் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எண் ஏறத் தொடங்கும் நிமிடம்தான் உங்கள் தொட்டியின் உண்மையான நேரம். நான் தொழிலுக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு தொட்டிக்கு 100 நிமிடம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் சும்மா உப்பு ஊற்றிப் பார்த்தால், 11-ஆவது நிமிடத்தில் மீட்டர் ஏறிவிட்டது. உள்குழாயும் வெளிக்குழாயும் ஒரே சுவரில், ஒரு முழம் இடைவெளியில். கையெழுத்தை நினைத்து அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

தீர்வு மருந்தைக் கூட்டுவதில் இல்லை, நேரத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. ஆனால் 10,000 லிட்டருக்கும் நேரம் கூட்ட வேண்டியதில்லை. குளிக்க, துணி துவைக்க, கழிப்பறைக்கு இப்போது போகிற தண்ணீரே போகட்டும். குடிக்க, சமைக்க, பல் துலக்க, பாத்திரத்தைக் கடைசியாக அலச ஆளுக்கு 5 லிட்டர் வைத்தால் 60 பேருக்கு 300 லிட்டர். 500 லிட்டர் தொட்டி இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்றை மாலையில் நிரப்பி, குளோரின் கலந்து, மூடி, வெளிக்குழாயைப் பூட்டிவிடுங்கள். மறுநாள் காலையில்தான் திறக்க வேண்டும். அன்று மாலை அடுத்த தொட்டி. இப்படி மாற்றி மாற்றி. தண்ணீர் ஓடாமல் நிற்பதால் குறுக்கே தப்பியோட வழியே இல்லை, ஒவ்வொரு சொட்டுக்கும் முழு நேரம் கிடைக்கிறது. 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். காலையில் மீதி இருக்கும் குளோரின் அரை மில்லிகிராம்தான் என்றாலும் சிடி 240. 5 டிகிரிக்கு வேண்டியது 150-க்குள். அரை டிகிரித் தண்ணீருக்குக்கூட இது போதும்.

காலையில் மீதி இருக்கும் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், மாலையில் போட்ட அளவை அல்ல. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். குளிரில் நமக்கு ஒரு சலுகையும் உண்டு, குளோரின் மெதுவாகத்தான் கரைந்து போகும். மாலையில் 1.5 மில்லிகிராம் போட்டால் காலையில் 1 பக்கம் நிற்கலாம். உங்கள் தண்ணீரில் எப்படி என்று இரண்டு மூன்று நாள் அளந்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். 500 லிட்டருக்கு 1.5 என்றால் முக்கால் கிராம் குளோரின். 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் இரண்டரை கிராம். இத்தனை சிறிய அளவைத் தேக்கரண்டியில் எடுத்துப் போட வேண்டாம். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். பவுடரின் வீரியம் வெயிலிலும் ஈரத்திலும் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் எத்தனை கரண்டி என்பதை மறந்துவிட்டு, குளோரின் சோதனையில் எவ்வளவு காட்டுகிறது என்பதையே பாருங்கள். சுண்ணாம்பு பிஎச்சையும் கொஞ்சம் ஏற்றும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் 5 டிகிரியில் தேவை 149-லிருந்து 216 ஆகிவிடும். இரவு முழுக்க வைத்தால் இதையும் தாங்கும், 30 நிமிடத் தொட்டி தாங்காது.

அளப்பது பற்றி ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எதை வைத்து 1 பிபிஎம் என்கிறீர்கள்? மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்தாக இருந்தால், அது கட்டற்ற குளோரினையும் அம்மோனியாவோடு கலந்து குளோரமினாக மாறிப்போனதையும் சேர்த்துக் காட்டிவிடும். குளோரமினுக்கு சிஸ்டைப் பொறுத்தவரை வீரியம் மிகக் குறைவு. 5 டிகிரியில் ஜியார்டியாவுக்கு அதன் சிடி 2,200. நீங்கள் பார்க்கும் மஞ்சளில் பாதி இந்தச் சோப்ளாங்கியாகவும் இருக்கலாம். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரை வாங்குங்கள். முதல் மாத்திரை கட்டற்ற குளோரினை மட்டும் காட்டும். குளிர்ந்த தண்ணீரில் மாத்திரை கரைய நேரமாகும், நன்றாக நசுக்கிக் கரையும்வரை பொறுத்து நிறத்தைப் பாருங்கள்.

சூடாக்கிவிட்டு குளோரின் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி அறிவியல்படி சரியானதுதான், 5-லிருந்து 20 டிகிரிக்கு ஏற்றினால் தேவை 149-லிருந்து 56-க்கு இறங்குகிறது. ஆனால் 10,000 லிட்டரை 15 டிகிரி ஏற்ற சுமார் 175 யூனிட் மின்சாரம் ஆகும், தினமும். சிறிய அளவுக்கு மட்டும் இது நல்ல யோசனை. மலையேற்றத்தில் கிருமிநாசினி மாத்திரை போடுகிறவர்கள் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் போட்டு அரை மணியில் குடித்துவிடுகிறார்கள். பாட்டிலை வெயிலில் வைத்தோ, மேலங்கிக்குள் வைத்தோ குளிர் போக்கிவிட்டு மாத்திரை போடலாம். அது முடியாதென்றால் காத்திருக்கும் நேரத்தை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். அதே சமயம் கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் குளோரின் போடாதீர்கள், ஆவியோடு போய்விடும். அந்தச் சூட்டில் குளோரினே தேவையில்லை.

ஏனென்றால் வெப்பம் தனியாகவே கொல்லும். ஒரு நிமிடம் 72 டிகிரியில் இருந்தால் குளோரினுக்கே அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூடத் தொற்றும் திறனை இழந்துவிடுகிறது. ஜியார்டியா அதற்கும் கீழேயே முடிந்துவிடும். அப்படியிருக்க கொதிக்க வைக்கச் சொல்வது எதற்கு என்றால், தண்ணீருக்குள் 72 வந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது, தளதளவென்று கொதிப்பது தெரியும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்குக் கொதிதான் தெர்மாமீட்டர். கொதித்து 1 நிமிடம் போதும், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேலே 3 நிமிடம். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் அது 72-க்கு எவ்வளவோ மேலே. இருபது நிமிடம் கொதிக்கவிட்டு எரிபொருளை வீணாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. புதிய தொட்டிகள் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். குடிக்கிற, பல் துலக்குகிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

இப்போது அந்த கிரிப்டோஸ்போரிடியம். உங்கள் பரிசோதனையில் வரவில்லை, ஆனாலும் ஓடைத் தண்ணீர் என்பதால் சொல்லாமல் விட முடியாது. 4 முதல் 6 மைக்ரான், ஜியார்டியாவில் பாதி அளவு, உறையோ பலமடங்கு கெட்டி. நீச்சல் குளத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு நேர்ந்தால் குளத்தைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் கணக்கு சிடி 15,300, அதுவும் 25 டிகிரியில். உங்கள் 1 மில்லிகிராமில் இது பத்து நாளைக்கு மேல் பிடிக்கும். 5 டிகிரி என்றால் கேட்கவே வேண்டாம், கணக்குப் போட நான் தயாராக இல்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுத்திகரித்து குளோரினும் போட்டுக் கொடுத்த தண்ணீரிலேயே இது போய், சுமார் 4,03,000 பேர் படுத்தார்கள். வடிகட்டிய தண்ணீரின் கலங்கல் அந்த நாட்களில் ஏறியிருந்தது. கிரிப்டோவுக்கு எதிராக குளோரின் டைஆக்சைடும் ஓசோனும் வேலை செய்யும், ஆனால் அவையும் குளிருக்குப் பணிந்தவைதான். ஓசோனுக்கு 20 டிகிரியில் சிடி 12 என்றால் 5 டிகிரியில் 47. மலையேறுகிறவர்கள் வாங்கும் குளோரின் டைஆக்சைடு மாத்திரையில் 4 மணி நேரம் காத்திருக்கச் சொல்லி அச்சிட்டிருப்பதும் குளிர்ந்த, கலங்கிய தண்ணீரில் இருக்கும் இந்தக் கிருமியை நினைத்துத்தான்.

குளிருக்கு அதிகம் அசையாதது புற ஊதா விளக்கு. வெளிச்சம் சிஸ்டின் மரபுப்பொருளையே சிதைப்பதால் தண்ணீர் 5 டிகிரியா 25 டிகிரியா என்று அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கிரிப்டோவில் ஆயிரத்தில் 999-ஐ முடக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் என்ற சின்ன அளவு போதும். ஆனால் பாதரச விளக்குக்குத்தான் குளிர் ஆகாது. சுற்றி ஓடும் தண்ணீர் சில்லிட்டால் விளக்கின் வெளிச்சம் மங்கும். அதனால் வெளிச்சத்தை அளக்கும் சென்சார் உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடி உறையைத் துடைத்துவையுங்கள், விளக்கு எரியத் தொடங்கிச் சூடான பிறகு தண்ணீரைத் திறங்கள். 500 லிட்டர் தொட்டியிலிருந்து சமையலறைக்குப் போகும் குழாயில் இதை மாட்டினால், ஜியார்டியாவை இரவு முழுக்க குளோரின் பார்த்துக்கொள்ளும், கிரிப்டோவை விளக்கு பார்த்துக்கொள்ளும். வைரஸ் விஷயத்தில் குளோரின்தான் கெட்டி, ஆகவே விளக்கு வந்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விளக்கு வேண்டாம் என்றால், ஒரு மைக்ரானுக்கு மேலே எதையும் விடாது என்று சான்று பெற்ற வடிகட்டி. 'சுமார் 1 மைக்ரான்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். சூட்டில் குளோரின் வேகமாகக் கொல்கிறது, வேகமாகக் காணாமலும் போகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு மேலே நெடுந்தூரம் ஓடிய குழாய்களில் வெயில் பட்டுத் தண்ணீர் சூடாகி, குளோரின் தீர்ந்துபோய், நெக்லேரியா என்ற அமீபா வளர்ந்தது. ஃபவுலர், கார்ட்டர் என்ற இருவர் 1965-இல் இந்த அமீபாவால் வரும் நோயைப் பற்றி எழுதினார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். அங்கே குழாயின் கடைசி முனைவரை அரை மில்லிகிராம் குளோரின் குறையாமல் வைத்திருப்பதுதான் மருந்து. அது இன்னொரு நாளைய கேள்வி.

உங்களுக்கு இப்போதைக்கு ஒரு வேலை. காலை 6 மணிக்குத் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டு ஒரு வாரம் எண்ணைக் குறியுங்கள். உப்புச் சோதனையில் மீட்டர் ஏறத் தொடங்கிய நிமிடத்தையும், டிபிடி காட்டிய அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த மூன்று எண்களையும் அனுப்பினால், மிச்சக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.